மூன்று ஸ்ட்ரட் பட்டம்: அலையில் மல்லாந்து விழுகிறது, வைத்துக்கொள்வதா விற்பதா?

நெய்தல் | ஆகஸ்ட் 11, இரவு 9.40

இலங்கையின் கற்பிட்டியிலிருந்து எழுதுகிறேன். கப்பலடிக் கடற்கரையில் இன்று ஆறாவது நாள். நான்கு வருடங்களாக ராமேஸ்வரத்தில், பாக் நீரிணைப் பக்கத்துத் தட்டைத் தண்ணீரில், ஐந்து ஸ்ட்ரட் (துணியை விறைப்பாக வைக்கும் ஊதிய குறுக்குக் குழாய்) கொண்ட 9 மீட்டர் (சதுர மீட்டர் பரப்பு) பட்டம் ஒன்றில்தான் கைட்சர்ஃபிங், அதாவது பட்டம் இழுக்கப் பலகையில் நின்று தண்ணீரில் ஓடும் விளையாட்டு, செய்துவந்தேன். இந்த வருடம் அலையில் இறங்கியே தீருவது என்று முடிவு செய்து, அலைக்கென்றே வடிவமைக்கப்பட்ட மூன்று ஸ்ட்ரட் பட்டம் ஒன்றை வாங்கினேன். அதுவும் 9 மீட்டர்தான். பழையது, இரண்டு சீசன் ஓடியது, பாரும் (கையில் பிடித்துப் பட்டத்தை இயக்கும் தண்டு) லைன்களும் (பட்டத்தைப் பாரோடு இணைக்கும் கயிறுகள்) அதோடு வந்தவை. என் எடை 78 கிலோ. பலகை, கால்பட்டை இல்லாத அலைப்பலகை.

முதல் மூன்று நாள் களப்பில் (கடலோரக் காயலில்) ஓட்டினேன். காற்று 18 முதல் 22 நாட் (மணிக்குக் கடல் மைல்). திரும்புவதில் இதற்கு இணையே இல்லை. பாரைத் தொட்டதும் இறக்கை நுனியை அச்சாக வைத்து அப்படியே சுழல்கிறது. பழைய பட்டம் பெரிய வட்டம் போட்டுத்தான் திரும்பும். ஆனால் காற்றை எதிர்த்து மேலே ஏறுவது கடினமாக இருக்கிறது. பழையதில் நான்கு முறை குறுக்கே போய்வந்து ஏறிய தூரத்துக்கு இதில் ஆறு முறை போக வேண்டியிருக்கிறது. குதித்தால் தூக்குகிறது, ஆனால் மேலே நிறுத்திவைப்பதில்லை. வன்காற்று அடிக்கும்போது பாரைத் தள்ளினால் துணி படபடவென்று அடித்துக்கொள்கிறது.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். அலைக்குத்தானே வாங்கினேன்? நான்காம் நாள் கடலுக்குப் போனேன். அலையின் அடிவாரத்தில் திரும்பி, பட்டத்தை நோக்கி வேகமெடுக்கிறேன். லைன்கள் தொய்கின்றன. அடுத்த நொடி பட்டம் பின்பக்கமாக, வால் முதலில், மல்லாந்து தண்ணீரில் விழுகிறது. இரண்டு நாளில் பதினொரு முறை. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். இந்தப் பட்டத்தின் இயல்பே இப்படித்தானா? விற்றுவிட்டு ஐந்து ஸ்ட்ரட்டுக்கே திரும்பிவிடலாமா?

கரைக்காற்று | ஆகஸ்ட் 11, இரவு 10.15

விற்றுவிடுங்கள். என் ஐந்து ஸ்ட்ரட் பட்டத்தை ஆலங்குடாவில் அலையில் ஓட்டியிருக்கிறேன். ஒரு முறைகூட அப்படி விழவில்லை. களப்பில் மேலேறவும் இல்லை, அலையில் நிற்கவும் இல்லை என்றால் அந்தப் பட்டம் எதற்கு?

தென்முனை | ஆகஸ்ட் 12, அதிகாலை 1.05

கரைக்காற்று, அவசரப்பட வேண்டாம். நான் கேப்டவுனில் வேலை பார்க்கிறேன், புளூபெர்க் கடற்கரையில் ஏழு கோடைக்காலம் அலை ஓட்டியிருக்கிறேன். நெய்தல் சொல்வதில் இரண்டு வேறு சங்கதிகள் கலந்துகிடக்கின்றன. மேலேறாதது, மேலே நிறுத்தாதது, துணி அடித்துக்கொள்வது மூன்றும் அந்த வகைப் பட்டத்தின் இயல்பு. மல்லாந்து விழுவது இயல்பு இல்லை. அலைப் பட்டம் பின்பக்கமாக விழுந்தால் எங்கேயோ கோளாறு இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். தட்டைத் தண்ணீரில் நீங்கள் காற்றுக்குக் குறுக்கே போகிறீர்கள். பலகை ஒரு பக்கம் இழுக்கிறது, பட்டம் மறுபக்கம் இழுக்கிறது, லைன் எப்போதும் முறுக்காக இருக்கிறது. அலையில் நீங்கள் பட்டத்தை நோக்கியே ஓடுகிறீர்கள். 20 நாட் காற்று என்பது நொடிக்கு ஏறக்குறைய 10 மீட்டர். அலையின் முகத்தில் காற்று போகும் திசையிலேயே நொடிக்கு 6 மீட்டர் போகிறீர்கள் என்று வையுங்கள். லைன் தொய்யாமல் உங்கள் முன்னால் பட்டம் பின்வாங்க வேண்டுமானால் அதுவும் அதே 6 மீட்டர் வேகத்தில் நகர வேண்டும். அப்போது அதன் மேல் படும் காற்று வெறும் 4 மீட்டர். விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பதால், தாங்கிப்பிடிக்க மிச்சமிருப்பது ஆறில் ஒரு பங்குதான். அந்த ஆறில் ஒரு பங்கில், இழுப்பார் யாருமில்லாமல், தண்ணீரில் விழாமல் காற்றோடு மிதந்து போவதைத்தான் டிரிஃப்ட் என்கிறோம். அலைப் பட்டத்தின் உயிரே அதுதான். ஸ்ட்ரட்டைக் குறைத்து எடையைக் குறைப்பது அதற்காக. பட்டம் காற்றுச் சாளரத்தின் (பட்டம் பறக்கக்கூடிய வெளியின்) விளிம்புவரை முன்னேறிப் போகாமல் சற்று உள்ளேயே நிற்கும்படி வடிவமைப்பதும் அதற்காக. முன்னே ஓடிவிடும் பட்டம் லைன் தொய்ந்ததும் உங்கள் தலைக்கு மேலே வந்து, மூக்குக் குப்புற விழும். மேலேறுவதற்கும் உயரக் குதிப்பதற்கும் அந்த முன்னோட்டம்தான் உதவுகிறது என்பதால், ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும்.

கப்பலடியில் இந்தச் சோதனை இன்னும் கடுமையாக இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேற்கு பார்த்த கரை, தென்மேற்குக் காற்று. அதாவது காற்று கரையோரமாகவும் சற்றுக் கரையை நோக்கியும் வீசுகிறது. அலையோடு கரைக்கு வருவதே பட்டத்தை நோக்கி வருவதுதான். இங்கே புளூபெர்க்கின் பிக் பேயில் தென்கிழக்குக் காற்று கரையோரமாக வந்து சற்றுக் கடல் பக்கம் சாயும். அலையில் இறங்கும்போதுகூட லைனில் கொஞ்சம் முறுக்கு இருந்துகொண்டே இருக்கும். டிரிஃப்ட் சுமாரான பட்டமும் இங்கே தப்பிவிடும், கப்பலடியில் தப்பாது.

நெய்தல், உறுதியாகச் சொல்லுங்கள்: விழுவது வால் முதலிலா, மூக்கு முதலிலா? டிரிம் பட்டையை (முன் லைன்களைக் குட்டையாக்கி இழுவையைக் குறைக்கும் பட்டை) இழுத்துப் பார்த்தீர்களா?

நெய்தல் | ஆகஸ்ட் 12, காலை 6.30

அக்கா, வால் முதலில்தான். பதினொன்றில் பத்து முறை அப்படி. நேற்று மாலை டிரிம் பட்டையை ஒரு கையளவு இழுத்தபிறகு சற்றுப் பரவாயில்லை. இரண்டு அலை முழுசாகக் கிடைத்தது. ஆனால் அலை முடிந்து திரும்ப வெளியே போகும்போது இழுவை போதவில்லை.

வல்வை_முச்சை | ஆகஸ்ட் 12, காலை 8.20

தம்பி, டிரிம் இழுத்ததும் சரியானது என்று எழுதினீர்களே, விடை அங்கேதான் இருக்கிறது.

நான் வல்வெட்டித்துறையில் வளர்ந்தவன். தைப்பொங்கலன்று எங்கள் கடற்கரையில் ஏறும் பட்டங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். கொக்குப் பட்டமோ பெட்டிப் பட்டமோ, ஒட்டும் வேலை முடிந்ததும் பெரியவர்கள் முச்சை, அதாவது பட்டத்தைப் பிடிகயிற்றோடு பிணைக்கும் சிறு கயிறுகள், கட்ட உட்காருவார்கள். உங்கள் ஊரில் அதைச் சூத்திரம் என்பார்கள், கைட்சர்ஃபிங்கில் பிரைடில் என்கிறார்கள். என் மாமா முச்சையின் மேல்கயிற்றை விரலால் அளந்து அளந்து கட்டுவார். மேல்கயிறு ஒரு விரல் நீண்டுவிட்டால் போதும். பட்டம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காற்றை முழுவதும் வாங்கும், கயிற்றை அறுக்கிற மாதிரி இழுக்கும், ஆனால் ஏறாது. காற்று கொஞ்சம் தளர்ந்தால் மல்லாந்து இறங்கிவிடும். விண் (காற்றில் கூவும் நாடா) கட்டியிருந்தால் அதன் கூவல் தடித்து அமுங்குவதிலேயே மேல்கயிறு நீண்டிருப்பது காதுக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் பட்டத்தில் முன் லைன் இரண்டும்தான் அந்த மேல்கயிறு. உங்கள் எடையில் பெரும்பகுதியைத் தாங்குவது அவைதான். ஹார்னஸோடு (நீங்கள் அணியும் இடுப்புக் கச்சையோடு) இணைந்திருப்பதும் அவைதான். பின் லைன்கள் திருப்புவதற்கும் சற்று அழுத்துவதற்கும் மட்டும். ஆகவே இரண்டு சீசன் ஓடிய லைன் செட்டில் முன் லைன்கள் நீண்டிருக்கும், பின் லைன்கள் அந்த அளவுக்கு நீண்டிருக்காது. நான்கும் சமமாக இருந்த காலம் போய், பின் லைன் குட்டையாகிவிட்டது. நீங்கள் பாரைத் தள்ளிவிட்டதாக நினைக்கும்போதும் பட்டம் பாரை இழுத்துப் பிடித்த நிலையில்தான் இருக்கிறது. நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற அந்தப் பட்டத்துக்கு லைன் தொய்ந்ததும் மிதக்க வழியில்லை.

களப்பில் இது உங்களுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், அங்கே லைன் தொய்வதே இல்லை. தட்டைத் தண்ணீரில் நன்றாகத்தான் இழுத்திருக்கும். ஏறாததிலும் கொஞ்சம் பங்கு இதற்கு உண்டு என்று நினைக்கிறேன்.

பாம்பன்_காற்று | ஆகஸ்ட் 12, பகல் 12.50

வல்வை ஐயா சொன்னதே நோய். நான் ராமேஸ்வரத்தில் கற்றுக்கொடுப்பவன். சீசன் தொடங்கும்போதும் நடுவிலும் எல்லாப் பாரையும் அளந்துவிடுவேன். அளக்கிற விதம் எளிது. நான்கு லைன்களின் பட்டத்துப் பக்க நுனிகளையும் சேர்த்து ஒரு தென்னை மரத்திலோ வேலிக் கல்லிலோ மாட்டுங்கள். டிரிம் பட்டையை முழுவதும் தளர்த்துங்கள். பாரைக் கடைசிவரை உள்ளே இழுத்து, நான்கு லைனும் முறுக்கேறும்வரை பின்னால் சாயுங்கள். முன் லைன் இரண்டும் தொய்ந்து, பின் லைன் மட்டும் முறுக்காக நின்றால் முன்லைன் நீண்டுவிட்டது. எவ்வளவு தொய்கிறதோ அவ்வளவு திருத்த வேண்டும். பெரும்பாலான பட்டங்களில் பின் லைன் மாட்டும் இடத்தில் மூன்று முடிச்சு இருக்கும். லைனை நீளமாக்கும் முடிச்சுக்கு மாற்றுங்கள். ஒரேயடியாகக் கடைசி முடிச்சுக்குப் போக வேண்டாம். பின் லைன் அதிகமாக நீண்டால், திருப்பினால் பட்டம் கேட்காது. அலைக்குள் அது இதைவிட ஆபத்து.

இன்னொரு பழக்கத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள் தம்பி. லைன் தொய்ந்ததும் பயத்தில் பாரைப் பிடித்துத் தொங்குகிறீர்களா? தட்டைத் தண்ணீரில் பழகியவர்கள் நூற்றுக்கு நூறு பேர் அதைத்தான் செய்வார்கள். வால் முதலில் விழப்போகிற பட்டத்துக்குப் பாரை விட்டுக்கொடுக்க வேண்டும். தலைக்கு மேலே ஓடிவருகிற பட்டத்துக்கு உள்ளே இழுக்க வேண்டும். கண் அலையில் இருக்கும்போது இதைக் கைதான் உணர வேண்டும். அதனால்தான் அலை ஓட்டுபவர்கள் பாரில் ஓரளவு அழுத்தம் இருப்பதை விரும்புகிறார்கள்.

கடைசியாக ஒன்று, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனுஷ்கோடியில் மன்னார் வளைகுடாப் பக்கம் ஒருவரின் பட்டம் அலை உடையும் இடத்தில் விழுந்தது. அவர் பாரைப் பிடித்து எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டிருந்தார். அடுத்த அலை பட்டத்தைக் கரைப்பக்கம் தூக்கியெறிந்தது. லைன் முறுக்காக நின்றதால் போகவும் முடியாமல், நடு ஸ்ட்ரட் துணியிலிருந்து கிழிந்து பிரிந்தது. பட்டம் நுரைக்குள் விழுந்தால் அதை நோக்கி நீந்துங்கள், லைனுக்கு முறுக்குக் கொடுக்காதீர்கள், அதே சமயம் தொய்ந்த லைன் காலிலோ பலகைத் துடுப்பிலோ சுற்றாமல் பாருங்கள். சுற்றினால் தயங்காமல் விடுவிப்பானை அழுத்திவிடுங்கள். பட்டம் போனால் வாங்கிக்கொள்ளலாம்.

நெய்தல் | ஆகஸ்ட் 13, இரவு 8.10

அளந்தேன். ஐயா, உங்களுக்கு என் வணக்கம்.

தங்கும் விடுதியின் பின்னால் தென்னை மரத்தில் மாட்டி, நண்பர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து இழுத்தேன். பாரை முழுவதும் உள்ளே இழுத்ததும் பின் லைன் இரண்டும் வீணைத் தந்தி மாதிரி நின்றன. முன் லைன் இரண்டும் தொங்கின. அளவுநாடாவில் ஆறரை சென்டிமீட்டர். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடி மாட்டி மறுபடி அளந்தேன், அதே ஆறரை. பின் லைனை நடு முடிச்சிலிருந்து ஒன்று வெளியே மாற்றினேன். அதில் நான்கு சென்டிமீட்டர் போலச் சரியாயிற்று. மிச்சத்தை டிரிமில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

மதியம் இரண்டு மணிக்குக் கடலில் இறங்கினேன். மாம்புரிப் பக்கத்துக் காற்றாலைகள் எல்லாம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. 20 நாட்டுக்குக் குறையாது. அலை இடுப்பளவு, சில நேரம் நெஞ்சளவு. முதல் அலையில் பயந்துகொண்டே இறங்கினேன். அடிவாரத்தில் திரும்பினேன், லைன் தொய்ந்தது. பாரை விரல்நுனியில் மட்டும் வைத்துக்கொண்டு விட்டுக்கொடுத்தேன். பட்டம் வலப்பக்கக் கரைக்கு மேலே, நாற்பத்தைந்து பாகையில், லேசாகத் தலையாட்டிக்கொண்டு பின்வாங்கியது. விழவில்லை. முன் லைனில் ஒன்று வில்லாகத் தொங்கியது எனக்கே தெரிந்தது. நான் அலையின் உச்சிக்கு ஏறி வெட்டித் திரும்பியதும் அந்த வில் நிமிர்ந்தது, ஹார்னஸில் மெல்லிய இழுப்பு ஒன்று வந்தது, அவ்வளவுதான். இரண்டாவது திருப்பத்தில் பட்டம் இருப்பதையே மறந்துவிட்டேன். நான்கு வருடத்தில் முதல் முறையாகப் பட்டத்தைப் பார்க்காமல் அலையைப் பார்த்தேன்.

இரண்டரை மணி நேரத்தில் மூன்று முறை விழுந்தது. மூன்றும் நான் பாரைப் பிடித்துத் தொங்கியதால். பாம்பன் அண்ணா சொன்ன அதே பழக்கம். இடது காலை முன்வைத்து நிற்பவன் என்பதால் இங்கே அலை என் முதுகுப் பக்கம் இருக்கிறது. தோளுக்கு மேலே திரும்பி அலையைப் பார்க்கும்போது கை தானாகப் பாரை இழுத்துவிடுகிறது. அதைத் திருத்த நாளாகும்.

கரைக்காற்று | ஆகஸ்ட் 13, இரவு 9.00

மகிழ்ச்சி. நான் அவசரப்பட்டுச் சொன்னது தவறு. ஆனால் என் கேள்வி மிச்சமிருக்கிறது. வருடத்தில் பத்து நாள் கற்பிட்டி அலை, மற்றபடி ராமேஸ்வரத்துத் தட்டைத் தண்ணீர் என்றால், ஒரே ஒரு பட்டம்தான் வாங்க முடியும் என்கிறவர் எதை வாங்க வேண்டும்? எல்லோராலும் இரண்டு வைத்துக்கொள்ள முடியாது.

தென்முனை | ஆகஸ்ட் 14, அதிகாலை 12.40

நியாயமான கேள்வி. அப்படிப்பட்டவர் ஐந்து ஸ்ட்ரட் எல்லாக்காலப் பட்டத்தையே வாங்கட்டும். கப்ரின்ஹா சுவிட்ச்பிளேடு போன்றவை அதற்கென்றே இருக்கின்றன. தட்டைத் தண்ணீரில் அவை தரும் நிலையான இழுவை, மேலேறுதல், வன்காற்றில் துணி அசையாமல் நிற்பது எல்லாம் பத்து நாள் அலைக்காக விட்டுக்கொடுக்கக்கூடியவை அல்ல. கரையை நோக்கி வீசாத காற்றில் அவற்றில் அலையும் ஓட்டலாம். பட்டத்தைச் சற்றுத் தாழ்த்தி, ஓயாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் ஆலங்குடாவில் விழாமல் ஓட்டியது அப்படித்தான் இருக்கும். பட்டத்தை ஒரு நொடியும் சும்மா விட்டிருக்க மாட்டீர்கள்.

வருடத்தில் பாதி நாள் அலையில் இறங்குபவர் மட்டும் டுவோடோன் நியோ, ஓசோன் ரியோ, கப்ரின்ஹா டிரிஃப்டர் வகை அலைப் பட்டங்களுக்குப் போகலாம். அவற்றில் தட்டைத் தண்ணீரும் ஓட்ட முடியும், நான் ஓட்டுகிறேன். ஆனால் களப்பில் ஒரு காலை ஓட்டிப்பார்த்து அந்தப் பட்டத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். கடைக்காரர்கள் அலைப் பட்டத்தைத் தட்டைத் தண்ணீரில் ஓட்டிக்காட்டி விற்பதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். அங்கே தெரிவது அதன் குறை மட்டும்தான். எதற்காகச் செய்யப்பட்டதோ அது லைன் தொய்கிற அந்த இரண்டு மூன்று நொடியில்தான் தெரியும், களப்பில் அந்த நொடி வராது.

அளவு பற்றியும் ஒரு வார்த்தை. அலைப்பலகை, தட்டைத் தண்ணீரில் ஓட்டும் இரட்டைமுனைப் பலகையைவிடப் பருமனானது, குறைந்த இழுவையிலேயே மிதந்து ஓடும். ஆகவே அதே காற்றுக்கு அலையில் ஓர் அளவு சிறிய பட்டம் போதும். 22 நாட்டுக்கு மேல் போனால் நெய்தல் 78 கிலோவுக்கு 7 மீட்டரை எடுக்கலாம்.

வல்வை_முச்சை | ஆகஸ்ட் 14, காலை 7.45

தென்முனை எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நெய்தலின் லைன் எத்தனை மீட்டர்? 24 என்றால், புதிய செட் வாங்கும்போது 20 அல்லது 22 எடுங்கள். குட்டை லைனில் பட்டம் சீக்கிரம் கேட்கும். சாளரம் சிறிதாகும், திருப்பும்போது வரும் இழுப்பும் அடங்கும். சோழகம் (தென்மேற்குக் காற்று) முழுவேகத்தில் வீசுகிற மாதங்களில் அலைக்கு அதுவே சுகம். காற்று மந்தமான நாளில் களப்பில் இழுவை குறையும் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பழைய லைனைத் தூக்கியெறிய வேண்டாம். முன் லைனை வெட்டிச் சமப்படுத்துவதைவிட நான்கையும் மாற்றுவதே நல்லது என்பேன், ஆனால் மாற்றும்வரை மாதம் ஒருமுறை மரத்தில் மாட்டி அளந்துகொள்ளுங்கள். நீண்ட லைன் இன்னும் நீளும்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. பிரெஞ்சு பிரிட்டனி கடற்கரையைச் சேர்ந்த லெகென்யூ சகோதரர்கள் 1984இல் ஊதிய குழாய் கொண்ட பட்டத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தபோது அவர்கள் தீர்க்க முயன்றது, தண்ணீரில் விழுந்த பட்டத்தைத் திரும்ப எழுப்புவது எப்படி என்பதைத்தான். இன்று நாம் அது விழாமல் மிதப்பதைப் பற்றிப் பேசுகிறோம். எங்கள் மாமா கேட்டிருந்தால், இரண்டுக்கும் முச்சையைப் பார் என்றிருப்பார்.

பாம்பன்_காற்று | ஆகஸ்ட் 14, காலை 9.30

நெய்தல் தம்பி, அக்டோபரில் ராமேஸ்வரம் வரும்போது அந்தப் பாரையும் கொண்டுவாருங்கள். இங்கே புது லைன் போட்டு நான்கையும் சேர்ந்து அளந்துவிடுவோம்.

நெய்தல் | ஆகஸ்ட் 14, மாலை 7.20

கொண்டுவருகிறேன் அண்ணா. பட்டத்தை விற்கவில்லை. ராமேஸ்வரத்துக்குப் பழைய ஐந்து ஸ்ட்ரட், கடலுக்கு இது. லைன் 24தான், ஐயா; 20 மீட்டர் செட் வாங்குவதாக முடிவு.

இன்று காற்று 25ஐத் தொட்டது, 9 மீட்டர் எனக்கு அதிகமாக இருந்தது, முக்கால் மணி நேரத்தில் கரைக்கு வந்துவிட்டேன். ஆனால் ஓட்டிய ஒன்பது அலையில் ஒரு முறைகூட மல்லாரவில்லை. நாளை பக்கத்து அறை நண்பர் தன் 7 மீட்டரைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய பாரையும் முதலில் அந்தத் தென்னை மரத்தில் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன்.